பூச்சியம் போட்ட கேள்வி

மருத்துவமனையின் மனநலப் பிரிவில் எனக்குக் கணினியோடுதான் வேலை. நோயென்று இன்னும் சொல்ல முடியாத, ஆனால் முதல் அறிகுறிகள் தெரியத் தொடங்கிய இளம் பிள்ளைகள் அங்கே வருவார்கள். நித்திரை குழம்பியவர்கள், யாரோ தம்மைக் கவனிக்கிறார்கள் என்று நம்பத் தொடங்கியவர்கள், திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொண்டவர்கள். தாதியர் கேள்வி கேட்டுப் படிவம் நிரப்புவார்கள். அந்தப் பதில்களை வைத்து, வரும் மாதங்களில் யாருக்கு அறிகுறிகள் தணியும், யாருக்கு முற்றும் என்று கணிக்கும் நிரலை எழுதுவது என் பொறுப்பு. வருகிறவர்களில் பலர் நோய்வரை போவதில்லை. யார் போகக்கூடும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அவரை விடாமல் பிடித்துக்கொள்ளலாம்.

தங்கச்சி கம்பஸிலிருந்து தவணை நடுவில் வீட்டுக்கு வந்து நின்றபோது கொப்பி ஒன்றில் அவளைப் பற்றி எழுதத் தொடங்கினேன். மூன்று நாள் நித்திரையில்லை. பருத்தித்துறை பஸ்ஸில் எல்லோரும் தன்னைப் பற்றியே கதைத்தார்களாம். குளிக்கப் பஞ்சிப்படுகிறாள். இடம் பொருள் பாராத சிரிப்பு. எங்கள் பிரிவு டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

"இதை இன்னும் நோயெண்டு சொல்லேலாது. ஆனா மாசா மாசம் நான் பாக்கவேணும். ஒண்டையும் விடக்கூடாது," என்றார் அவர். வெளியே வரும்போது என்னை மட்டும் மறித்து, "தங்கச்சியின்ரை படிவத்தை நீர் தொடவேண்டாம்," என்றார்.

இரண்டு மாதம் போனோம். மூன்றாவது மாதம் அம்மா மறித்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் ரீச்சராக இருப்பவர் அவர். கிளினிக்கில் காத்திருக்கும் வாங்கில் அவருடைய மாணவி ஒருத்தியின் தாயும் இருந்திருக்கிறார்.

"ஊர் முழுக்கத் தெரிஞ்ச பிறகு ஆர் இவளைக் கட்டுவினம்? நல்லாத்தானே இருக்கிறாள். மற்றாக்களின்ரை பிள்ளையளுக்குக் கம்பியூட்டரிலை பாத்துச் சொல்லுறனிதானே. எங்கடை பிள்ளைக்கும் பாத்துச் சொல்லன்."

பார்த்தேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேசையில், மடிக்கணினியில் அதே படிவத்தைத் திறந்து. எதிரே தங்கச்சி தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"மற்றாக்களுக்குக் கேக்காத குரல் ஏதும் உனக்குக் கேக்குதோ?"

"ஆண்டவர் கதைக்கிறவர். உன்னோடையும் கதைக்கிறவர்தானே, அக்கா? போன ஞாயிறு நீயே சொன்னனி."

சொன்னேன்தான். எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். எந்த மீன் வாங்குவது என்பதைக்கூட அம்மாவுக்கு ஆண்டவர்தான் சொல்ல வேண்டும். சிரித்துக்கொண்டே, இல்லை என்பதற்கான பூச்சியம் போட்டேன். பூச்சியம் போட்டால் அந்தக் கேள்வியின் கீழுள்ள நான்கு கேள்விகளும் தாமாக மறைந்துவிடும். எங்கிருந்து கேட்கிறது, எத்தனை குரல், எவ்வளவு நேரம், ஏதாவது செய்யச் சொல்கிறதா. தாதியரின் நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக அப்படி அமைத்தவள் நான்.

முற்றும் ஆபத்து மிகக் குறைந்த எண்ணாகக் கணிப்பில் வந்தது. "பயமில்லை, அம்மா," என்றேன். அன்றோடு கிளினிக் போவது நின்றது.

கொப்பி மட்டும் நிரம்பிக்கொண்டு போனது. யன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறாள். தண்ணீர் மோட்டர் ஓடும்போது காதைப் பொத்துகிறாள். சோற்றை முகர்ந்து பார்க்கிறாள். ஒவ்வொன்றையும் எழுதிவிட்டு அந்தக் கணிப்பை நினைத்து ஆறுதல் கொண்டேன்.

புதன்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டில் செபக்கூட்டம். சாட்சி சொல்லும் நேரம் வந்தபோது தங்கச்சி தானாகவே எழுந்தாள்.

"ஆண்டவர் ஒவ்வொரு நாளும் என்னோடை கதைக்கிறவர்."

"ஆமென்," என்றார் முன்வரிசை மாமி ஒருவர்.

"மோட்டர் போட்டாப் பிலத்துச் சத்தமாக் கதைப்பார். இந்தக் கிழமை துவக்கம் ரெண்டு பேர் கதைக்கினம்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. அம்மா எழுந்து, நேரத்துக்கு முன்பே முடிவுப் பாட்டைத் தொடங்கினார். எல்லோரும் அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டினார்கள். நான் தங்கச்சியின் கையைப் பிடித்துக் குசினிக்குக் கூட்டிப்போய், மறைத்து வைத்த நான்கு கேள்விகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டேன். குரல்கள் வெளியிலிருந்து வருகின்றன. இடப்பக்கம் ஒன்று, பின்னால் ஒன்று. விடியத் தொடங்கினால் படுக்கும்வரை.

"ஏதும் செய்யச் சொல்லினமோ?"

"ஒராள் கம்பஸ் சோதினைக்குப் போகாதை எண்டுறார். மற்றாள் கிணத்தடிக்கு வா எண்டுறார்."

தேநீர்த் தட்டோடு அம்மா வாசலில் நின்றார்.

"அம்மா, நான் பிழையாக் கேட்டிட்டன். அந்தக் கணிப்புப் பிழை."

"உன்ரை விசர்க் கணக்கு..." என்று தொடங்கியவர் பாதியில் வாயை மூடிக்கொண்டார். விசர் என்றால் பைத்தியம்; எதற்கெடுத்தாலும் எங்கள் வீட்டில் புழங்கும் சொல்தான் அது.

"விசர் எனக்குத்தானே அம்மா, கணக்கு என்ன செய்தது?" என்றாள் தங்கச்சி.

டாக்டருக்கு உடனே அழைத்தேன். ஒரு நிமிடமும் தனியே விடாமல், காலையில் முதல் பஸ்ஸில் கூட்டி வரச் சொன்னார். அம்மா கிணற்றடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டுத் திறப்பைத் தன் சேலையில் முடிந்துகொண்டார். பஸ்ஸில் தங்கச்சியை எங்கள் இருவருக்கும் நடுவில் இருத்தினோம். புத்தூர் தாண்டும்வரை அம்மா அவளுடைய மணிக்கட்டை விடவில்லை.

டாக்டர் அவளோடு தனியே ஒரு மணித்தியாலம் கதைத்தார். அம்மா அதே வாங்கில், முகத்தைத் திருப்பாமல் இருந்தார். வெளியே வந்த டாக்டர், "ஆஸ்பத்திரி வாட்டிலை வைச்சு மருந்து தொடங்குவம். எப்பிடிப் போகும் எண்டு இப்ப சொல்லேலாது," என்றார். நான் செய்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் ஏசவில்லை.

"வேறை எத்தினை பிள்ளையளுக்கு உப்பிடிப் பூச்சியம் விழுந்திருக்கும்?"

படிவத்தைத் திருத்திவிட்டு, பழைய பூச்சியங்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தேன். அந்தப் பிள்ளைகளைத் தாதியர் திரும்ப அழைக்கிறார்கள். பட்டியல் இன்னும் முடியவில்லை.

ஐந்தாம் நாள் வாட்டுக்குப் போனேன். தங்கச்சியின் கண்கள் மருந்தில் கனத்திருந்தன.

"கணிப்பிலை என்ரை நம்பர் என்ன, அக்கா?"

"தெரியாது. டாக்டர் எனக்குக் காட்டமாட்டார்."

"நல்லம்." என் பக்கம் திரும்பிப் படுத்தாள். "இண்டைக்கு ஒராள்தான். மெல்லமா. என்ன சொல்லுறார் எண்டு கேக்கமாட்டியோ?"

கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக் கேட்டேன்.