கழுவிக் கவிழ்த்த தட்டு

அடுப்பில் வைத்த பழைய டிகாக்‌ஷன் கொதித்துக் கருகுகிறது. எண்பதுகளில் எங்கள் தாம்பரம் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் இதே நெடிதான். எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும்வரை அம்மா இந்தக் கசப்பை மட்டுமே குடித்துக்கொண்டு நிற்பாள். மதியம் நெருங்கும்போது அவள் கை நடுங்கும். டம்ளர் நழுவும். எங்கள் முதுகில் அடி விழும்.

"உங்கம்மாவுக்கு மூக்குமேல கோபம். கிட்ட போகாதீங்க" என்று அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து சிரிப்பார். சாப்பிட்டாயா என்று அவளை ஒருநாளும் கேட்டதில்லை.

சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்த பிறகு அம்மா வேறு ஆள். எங்களோடு உட்கார்ந்து சீட்டு விளையாடுவாள். அதனால் எதை உடைத்தாலும் தொலைத்தாலும், "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் நானும் தம்பியும் விஷயத்தைச் சொல்வோம்.

இன்று மகளுக்குக் கேழ்வரகுக் கஞ்சி, கேரட், முட்டை என்று புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து ஊட்டினேன். போதுமா என்று இன்னும் சந்தேகம். எனக்குக் காலையிலிருந்து வெறும் காபிதான். காரணமில்லாமல் அவளை அதட்டியும் விட்டேன்.

இப்போது சமையலறை வாசலில் வந்து நிற்கிறாள்.

"அம்மா, நீ சாப்ட்டியா?"

"இந்த வயசுல எவ்ளோ பாசம் பாரேன்!" என்று உருகுகிறார் என் மாமியார்.

குழந்தையின் ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.