ஞாயிற்றுக்கிழமையில் ஒரு சவரம்

வலது கை பிரஷ்ஷைச் சுழற்றிக்கொண்டிருந்தது. இடது கை கிண்ணத்தை அசையாமல் பிடித்திருந்தது. சோப்பு முதலில் தண்ணீராகச் சலசலத்தது, பிறகு கனத்தது, கடைசியில் பிரஷ்ஷைத் தூக்கினால் கூடவே எழுந்து நிற்கும் பதத்துக்கு வந்தது. அந்தப் பதம் வராமல் முகத்தில் வைத்தால் பிளேடு இழுக்கும். கைகள் அவசரப்படவில்லை. கிண்ணத்தின் அடியில் ஒரு சதுரங்கப் பலகை. அது சக்கர நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளுக்கும் குறுக்கே தட்டுபோலக் கிடந்தது.

முதலில் அண்ணனின் தொங்கிப்போன வலது கன்னம். அங்கே தோல் பிடி கொடுக்காது. கட்டைவிரலால் காதுப்பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, முடி சாய்ந்த திசையிலேயே சின்னச் சின்ன இழுப்பாக இறக்க வேண்டும். இதை யாரும் போதகருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஊழியத்துக்கு வந்த புதிதில், மருத்துவமனைக்கு ஜெபம் பண்ணப் போன இடத்தில், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள் ஜெபத்தைவிட ஒரு முகச்சவரத்துக்கு அதிகமாக ஏங்குகிறார்கள் என்று கண்டார். நாலைந்து தாடைகளைக் கீறியே கற்றுக்கொண்டார். இப்போது அவர் கை பட்ட முகத்தில் ரத்தம் வருவதில்லை.

அன்று திங்கட்கிழமை. போதகருக்கு ஓய்வு என்றால் அந்த ஒரு நாள்தான். ஊருக்கெல்லாம் ஓய்வான ஞாயிற்றில்தான் அவர் கழுத்தில் நுகத்தடி. திங்கட்கிழமைகளில் அண்ணன் வீட்டுக்கு வந்து சதுரங்கம் ஆடுவது பல வருடப் பழக்கம். ஆட்டம் பாதி, அரசியல் பாதி. அண்ணன் கட்சியின் மேடைப் பேச்சாளர். கடவுள் இல்லை என்று மைக் பிடித்தே பெயர் வாங்கியவர். "செத்த பிறகு கிடைக்கும்னு நீ சொல்றே, தேர்தலுக்கு அப்புறம் கிடைக்கும்னு நான் சொல்றேன். ரெண்டுமே வாய்தாதான்டா" என்பார். தம்பி சிரித்துவிட்டுப் பலகையைப் பார்த்தால் அதற்குள் ஒரு குதிரை இடம் மாறியிருக்கும்.

போன மழைக்காலத்தில் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் ஒரே மூச்சில் போயின. பலநாள் கழித்து, 'உங்க பேர் என்ன' என்று மருத்துவர் கேட்டபோது அண்ணனின் வாயிலிருந்து மணிபோல ஒரு சொல் வந்தது.

"ஸ்தோத்திரம்."

அதோடு சரி. வேறெந்தச் சொல்லும் வரவில்லை. தண்ணீர் வேண்டுமா, ஸ்தோத்திரம். கோபமா, ஸ்தோத்திரம். "பேச்சு இருக்கிற இடம் அடிபட்டுப் போச்சு. சின்ன வயசுல தினமும் சொன்னது வேற மூலையில தங்கிடும். சில பேருக்குப் பாட்டு தங்கும், சில பேருக்குக் கெட்ட வார்த்தை" என்றார் மருத்துவர்.

"கெட்ட வார்த்தையே தங்கியிருக்கலாம். அவருக்கும் கொஞ்சம் மரியாதையா இருந்திருக்கும்" என்றாள் அண்ணி.

அவள் சொன்னதன் அர்த்தம் போதகருக்குத் தெரியும். அப்பா காலத்தில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் குடும்ப ஜெபம் நடக்கும். ஆளுக்கு ஒரு நன்மையைச் சொல்லி 'ஸ்தோத்திரம்' என்று முடிக்க வேண்டும். மீசை அரும்பிய வயதில் ஒருநாள் அண்ணன் வாயை மூடிக்கொண்டார். "சொல்லாதவனுக்குச் சாப்பாடு இல்லை" என்றார் அப்பா. அண்ணன் சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. அம்மா ஒளித்துக் கொண்டுவந்ததையும் தொடவில்லை. தையல் போட்டதுபோல இறுகிய அந்த உதடுகள் தம்பிக்கு மறக்கவேயில்லை. கடைசியில் அப்பாதான் இறங்கிவந்தார். "சரி, சின்னவன் ரெண்டு தடவை சொல்லட்டும்." அன்று தொடங்கி தம்பி இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லிவருகிறார்.

அண்ணன் விழுந்ததிலிருந்து போதகருக்குள்ளும் ஏதோ மரத்துப்போயிருந்தது. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி. தொட்டால் தொட்டது தெரிகிறது, வலிக்கவில்லை. கல்யாணம் நடத்தினார், அடக்கம் நடத்தினார், இரண்டும் ஒன்றாகவே இருந்தன. பிரசங்கம் முன்னைவிடத் தெளிவாக இருக்கிறது என்று சபையில் பேசிக்கொண்டார்கள். வீட்டில் மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை. "மகளுக்குக் காலேஜ்ல இடம் கிடைச்சிருக்குன்னேன், ஆகட்டும்னீங்க. கூரை ஒழுகுதுன்னேன், அதுக்கும் ஆகட்டும். என்னங்க ஆகட்டும்? உங்ககிட்ட பேசுறதும் ஒண்ணு, காலி பண்ணின வீட்டுக் கதவைத் தட்டுறதும் ஒண்ணு."



மேலுதட்டுக்கு வந்தார். முன்பெல்லாம் அண்ணனே மூக்கு நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார். இப்போது தம்பி பிடிக்க வேண்டியிருக்கிறது. "ஊர் விவகாரத்துல எல்லாம் நுழைச்ச மூக்கு. கொஞ்சம் அடங்கி இரு" என்றார். அண்ணனின் கண்ணோரம் சுருங்கியது. சிரிப்புத்தான்.

அப்போதுதான் வாசலில் சபைச் செயலாளரின் குரல் கேட்டது. போதகரைத் தேடிப் போய், இங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டு வந்திருந்தார். அண்ணி நாற்காலி எடுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"ஐயா, நல்ல சேதி. அண்ணன் விஷயம் சபை முழுக்கத் தெரிஞ்சுபோச்சு. அத்தனை வருஷம் இல்லேன்னு பேசின வாய், இன்னைக்கு அதையே சொல்லுதுன்னா சும்மாவா? வர்ற ஞாயிறு கூட்டிட்டு வாங்க. ஆண்டவர் தன்னைத் தொட்டதைச் சபை முன்னால சாட்சி சொல்லட்டும். நீளமா எல்லாம் வேண்டாம்."

"நீளமா எங்க சொல்றது?" என்றாள் அண்ணி.

செயலாளர் காதில் வாங்கவில்லை. "நம்ம வார்டு வேட்பாளரும் அன்னைக்கு வர்றாரு. அண்ணனை மேடையில பார்த்தா அண்ணன் கட்சிக்காரங்களே ரெண்டு பேரு யோசிப்பாங்க. என்ன சொல்றீங்க?"

போதகர் பிளேடைத் தண்ணீரில் அலசினார். அலசி முடிப்பதற்குள் வாய் தானாகச் சொல்லிவிட்டது. "ஆகட்டும்."

நாற்காலி அதிர்ந்தது. அண்ணன் முகம் சிவந்து, பாதி நுரையோடு, உள்ள பலத்தையெல்லாம் திரட்டிக் கத்தினார். "ஸ்தோத்திரம்!"

"ஆமென்!" என்றார் செயலாளர். கண் கலங்கியே போய்விட்டது அவருக்கு.

அண்ணன் அவரைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

வாரம் கடந்தது. போதகர் சனிக்கிழமை மாலை பிரசங்கத்துக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது அண்ணி படியேறி வந்தாள். உள்ளே வரச் சொல்லியும் வராமல் நின்றபடியே பேசினாள்.

"அன்னைக்கு மூடின வாயை இன்னும் திறக்கல, தம்பி. தண்ணி கேக்கிறதில்ல. நானா கொடுத்தா குடிக்கிறாரு. நேத்து ராத்திரி படுக்கையை நனைச்சிட்டாரு. ஒரு சத்தம் கொடுத்திருந்தா நான் எழுந்திருக்க மாட்டேனா? கொடுக்கல. ஈரத்துலயே விடிய விடியக் கிடந்திருக்காரு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உங்க சபைக்கு என் வீட்டுக்காரர் என்ன காட்சிப்பொருளா? அவருக்கு இருக்கிறதே ஒரு வார்த்தை. அதையும் நீங்க எடுத்துக்கிட்டீங்க."

அவள் போன பிறகும் போதகர் வாசலிலேயே நின்றார். அழுகை வர வேண்டிய இடம் இது என்று அவருக்குத் தெரிந்தது. வரவில்லை. சாப்பாட்டு மேசையும், அதன் மறுபக்கத்தில் இறுகிய உதடுகளும் மட்டும் தெளிவாகத் தெரிந்தன. அன்று அண்ணனுக்குப் பதிலாக இரண்டாவது தடவை சொன்னது தான்தான். யாரும் அண்ணனைக் கேட்கவில்லை.

ஞாயிறு காலை, அங்கியைப் பையில் போட்டுக்கொண்டு, ஆராதனைக்கு முன்னால் அண்ணன் வீட்டுக்குப் போனார். போகிற வழியில் தாடியைக் கூட்டிக்கொண்டார். தாடி என்பது அண்ணனின் கட்சித் தோழர், அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர்; தாடியை எடுத்துப் பல வருடம் ஆகியும் பெயர் போகவில்லை. தினமும் வந்து அண்ணனுக்குச் செய்தித்தாள் படித்துக்காட்டுகிறவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கட்சிப் படிப்பகத்தில் தோழர்கள் கூடுவார்கள். வா வா என்று தாடி எத்தனையோ முறை அழைத்தும் அண்ணன் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர்கள் முன்னால் போய் உட்கார அவருக்கு மனமில்லை.

அண்ணன் நாற்காலியில் இருந்தார். தம்பி உள்ளே வந்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். போதகர் பலகையைக் குறுக்கே வைத்தார், கிண்ணத்தை வைத்தார், நுரையைப் பதத்துக்குக் கொண்டுவந்தார். வெந்நீரில் நனைத்த துண்டைப் பிழிந்து தாடையில் ஒத்தினார். முகம் திரும்பவில்லை. திரும்பியிருந்த பக்கமே போய் மண்டியிட்டு வேலையைத் தொடங்கினார்.

"அண்ணே, நான் உன்னைக் கேக்காம ஆகட்டும்னு சொல்லிட்டேன். தப்பு. நீ சபைக்கு வரவேண்டாம். தாடி வந்திருக்காரு. படிப்பகத்துக்குப் போறதுன்னா போ. இல்லேன்னா இங்கயே இரு."

உதடுகள் அசையவில்லை. இறுகிய மேலுதட்டில் பிளேடு வழுக்கிக்கொண்டு போயிற்று.

தாடி முன்னால் வந்தார். "வாயில என்ன வந்துடுமோன்னு யோசிக்கிறியா? நீ மேடையில பேசினப்பவே பாதி எங்களுக்குப் புரிஞ்சதில்ல. கைதட்டலையா நாங்க?"

அண்ணன் கண்ணை மூடினார். திறந்தார். பிறகு இடது கையை நீட்டித் தாடியின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டார்.

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. செயலாளர் இறங்கி வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் பூங்கொத்து.

"தயாரா ஐயா? மேடைப் பக்கத்துல நாற்காலிக்கு இடம் ஒதுக்கியாச்சு. வேட்பாளர் முன் வரிசையில உக்காந்துட்டாரு."

"அண்ணன் வரல" என்றார் போதகர்.

"என்னங்க ஐயா, அறிவிச்சாச்சே!"

"அது சாட்சி இல்லைங்க. தண்ணி கேக்கிற சொல்லு. அதை நானே வந்து சபையில சொல்லிடறேன்."

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்? உள்ளே ஆண்டவரோட கிரியை நடந்திருந்தா?"

போதகர் யோசித்தார். நாள் முழுக்க அந்தச் சொல்லைத் தானும் சொல்கிறார். உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. "நடந்திருந்தா அவரா வருவாரு. நீங்க வேன்ல உக்காருங்க. இதை முடிச்சிட்டு வர்றேன்."

செயலாளர் பூங்கொத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அண்ணி அதை வாங்கித் தண்ணீர்க் குடத்தின்மேல் வைத்தாள்.

தாடைக்குக் கீழே கடைசி இழுப்பு. ஈரத்துண்டால் ஒரு முறை, உலர்ந்த துண்டால் ஒரு முறை துடைத்தார். விரல் நுனியால் கன்னத்தை எதிர்த்திசையில் தடவிப் பார்த்தார், எங்கும் தட்டவில்லை. சீப்பை எடுத்து வகிடு எடுத்தார். பலகையை எடுத்து அண்ணியிடம் கொடுத்துவிட்டு, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தார். வெளியே வெயில். நெஞ்சுக்குள் எதுவும் புரளவில்லை, பரவாயில்லை என்றிருந்தது.

வேனுக்கு அருகில் வந்ததும் அண்ணன் இடது கையைத் தூக்கினார். விரல் காதுப்பக்கம் போயிற்று. வாய் திறந்தது.

"ஸ்தோத்திரம்!"

"ஆமென்" என்று வேனுக்குள்ளிருந்து பழக்கத்தில் சொல்லிவிட்டார் செயலாளர்.

"என்னவாம்?" என்றார் தாடி.

போதகர் குனிந்து பார்த்தார். "காதுல நுரை இருக்காம். திட்டுறாரு."

தன் துண்டின் நுனியைச் சுருட்டிக் காது மடலின் உட்புறம் துடைத்தார். மறு காதையும் பார்த்துக்கொண்டார். பிறகு நாற்காலியின் பிடியிலிருந்து தன் கைகளை எடுத்து, தாடியின் கைகளுக்கு இடம் விட்டார்.