ஈக்குச் சமைக்கிறவளும் அவள் ஓரகத்தியும்

ஈக்குச் சமைக்கிற வேலை என்றால் யாரும் நம்புவதில்லை. பெரியவள் அதைத்தான் பல வருஷமாகச் செய்தாள். ஆராய்ச்சிக்கூடத்தின் பின்னறையில் சோளமாவு, ஈஸ்ட், சர்க்கரை, கூழை இறுக வைக்கும் அகர் எல்லாம் போட்டுக் கூழ் காய்ச்சி, குப்பிகளில் ஊற்றிப் பஞ்சால் வாயை அடைப்பாள். பழ ஈக்கள் அதைத் தின்று பெருகும். ஆண்டவன் புண்ணியத்தில் ஒரு குப்பிகூடப் பூசணம் பிடித்ததில்லை.

அப்படி இருந்தவள், வாய் சும்மா இல்லாமல், தன் ஓரகத்தியையும் உதவிக்குச் சேர்த்துவிட்டாள். சின்னவள் சிரித்தால், கூடத்தை நடத்துகிற ஆராய்ச்சியம்மாவும் சேர்ந்து சிரித்தாள். இருவரில் ஒருவரைத்தான் நிரந்தரமாக்குவார்கள் என்ற பேச்சு வந்ததும் பெரியவளுக்கு வயிறு எரியத் தொடங்கியது. கும்பிடக் கண்ணை மூடினாலும் சாமிக்குப் பதில் சின்னவள் முகம்தான் வந்து நின்றது.

ஒருநாள் ஆராய்ச்சியம்மா இருவரையும் கூப்பிட்டுச் சொன்னாள்.

“பட்டினி கெடந்தா ஈயோட உடம்புல நியூரோபெப்டைடுன்னு ஒண்ணு சுரக்கும். ‘போ, போய்த் தேடு’ன்னு அது விரட்டும். ஈ நெலகொள்ளாம ஓடும். அது சுரக்காத ஈ, பசிச்சாலும் பேசாம கெடக்கும். ரெண்டையும் பட்டினி போட்டுப் பாக்கணும். அதனால சர்க்கரையே வேணாம், வெறும் அகரும் தண்ணியும்தான். சின்னவளே காய்ச்சட்டும். அக்காவுக்கு ஏற்கெனவே வேலை அதிகம்.”

பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாள், ஈக்களைப் பட்டினிக்கு அடைத்திருந்த கண்ணாடிக் குழாய்களை எட்டிப் பார்த்தாள். ஓட வேண்டிய ஈக்களும் ஓடவில்லை. எல்லாம் வயிறார உண்ட களைப்பில் கிடந்தன. கழுவாமல் கிடந்த சட்டியை விரலால் வழித்து நாக்கில் வைத்தாள். தித்தித்தது.

“ஏண்டி, சர்க்கரை போட்டியா?”

“ஒரே ஒரு கரண்டிதான்க்கா. வாயில்லா ஜீவன், பாவம். அதுங்க பட்டினின்னா எனக்குச் சோறு எறங்குமா?”

“நல்லாவே எறங்கும். தெனமும் பாக்கத்தானே செய்றேன்.”

பெரியவளுக்கு நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது. கையைக்கூடத் துடைக்காமல் போட்டுக்கொடுக்க ஓடினாள். ஆராய்ச்சியம்மா இடத்தில் இல்லை. மாடிக்கு ஓடினாள், நுண்ணோக்கி அறைக்கு ஓடினாள், திரும்பக் கீழே ஓடி வந்தாள். அதற்குள் சின்னவளே ஆராய்ச்சியம்மா முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

“தப்பு என்னோடது மேடம். அக்காவைத் திட்டிடாதீங்க. அவங்க சரியாத்தான் கத்துக்குடுத்தாங்க.”

ஆராய்ச்சியம்மா தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். “ஈக்கு எரக்கப்பட்ட மொத ஆளு நீதாம்மா. இனிமே அக்காவே காய்ச்சட்டும். நிரந்தர வேலைக்கும் அவங்க பேரையே சொல்லிடறேன்.” பிறகு பெரியவள் பக்கம் திரும்பினாள். “என்னக்கா இப்படி மூச்சு வாங்குது? பசியா?”

“இல்ல மேடம். சாப்பிட்டுட்டேன்.”

வேலை கிடைத்துவிட்டது. சின்னவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்களுக்குக் கெடச்சா எனக்குக் கெடச்ச மாதிரிக்கா.” முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பெரியவளுக்கு மறுபடி எரிந்தது.

அடுப்பில் அகர் கொதித்தது. கிளறிக்கொண்டே கண்ணை மூடினாள். ‘ஆண்டவனே, பசித்த ஈயை ஓடவைக்கிற அந்தச் சுரப்பை அவளுக்கு வைக்காமலே படைத்துவிட்டாய். எனக்கு மட்டும் ஏன் ரெண்டு பங்கு?’