மூன்று ஷிஃப்டும் ஒரே கப்பலில்: அந்தமான் போய் வந்த கதை

டிசம்பர் கடைசி வாரம் வந்தால் எங்கள் இருங்காட்டுக்கோட்டையே அமைதியாகிவிடும். மெஷின்களைப் பராமரிக்கக் கார் கம்பெனியை ஒன்பது நாள் மூடுவார்கள். அவர்கள் மூடினால் அவர்களுக்கு சீட் தைக்கிறவன், ஒயர் கட்டுகிறவன் எல்லோருக்கும் தானாக லீவு. எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊருக்கு பஸ் ஏறுவார்கள். இந்த முறை நாங்கள் மூன்று பேர் மட்டும் ஊருக்குப் போகாமல் சென்னைத் துறைமுகத்துக்குப் போனோம்.

காரணம் அந்தோணி. நாகர்கோவில்காரன், ஒயர் கம்பெனியில் வேலை. அவனுக்கு மஸ்கட் விசா வந்துவிட்டது, ஜனவரி ஐந்தாம் தேதி ஃபிளைட். இன்னொருவன் மாரியப்பன், சங்கரன்கோவில், சீட் கம்பெனி. நான் கார் கம்பெனியில் வெல்டிங். மூன்று வருஷமாக ஒரே ரூம், ஒரே கட்டில். ஒருவன் காலை ஏ ஷிஃப்ட் போனால் ஒருவன் மதியம் பி, ஒருவன் ராத்திரி சி. கட்டில் ஆறியதே கிடையாது. ஞாயிற்றுக்கிழமையும் யாராவது ஒருவனுக்கு ஓ.டி. இருக்கும். சமைக்கிறவன் சமைத்துத் தன் பங்கைச் சாப்பிட்டுவிட்டு, மீதியைத் தட்டு போட்டு மூடி வைப்பான். அடுத்து வருகிறவன் சாப்பிட்டுவிட்டு அதற்கடுத்தவனுக்கு மூடி வைப்பான். மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு வேளை சோறு தின்றதில்லை, சேர்ந்து எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. அந்தோணி பிளேன் ஏறுவதற்குள் இந்த இரண்டையும் முடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம். கப்பலில் ஏறிவிட்டால் மூன்று நாள் யார் எங்கே ஓடுவான்?

வீட்டு ஓனர் அக்காவிடம் சொன்னதும் சிரித்தார். "ஊருக்குப் போவாம கப்பல்ல சுத்தப் போறீங்களா? அப்பாலிக்கி உங்களுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?"

செலவு விவரம் கேட்பீர்கள். பங்க் கிளாஸ், அதாவது அடித்தளத்தில் அடுக்குப் படுக்கை, ஆளுக்கு ஆயிரத்து நானூறு ரூபாய் சொச்சம். சாப்பாடு தனி. ராஜாஜி சாலை அலுவலகத்தில் விடியற்காலையே போய் நின்றால்தான் டிக்கெட். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து பூந்தமல்லி போய் பஸ் மாறி, பாரிமுனை சேர இரண்டு மணி நேரம் ஆகிறது. போர்ட் பிளேர் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர், கடல் மனது வைத்தால் அறுபது மணி நேரம்.

இருபத்தைந்தாம் தேதி மதியம் கப்பல் கிளம்பியது. கிறிஸ்துமஸ் என்பதால் அந்தோணி தன் ஊர்ப் பலகாரமான முந்திரிக்கொத்து ஒரு டப்பா கொண்டுவந்திருந்தான். மேல்தளத்தில் நின்று ஆளுக்கு ஒன்று எடுத்தோம். ஆஹா, ஆரம்பமே ஜோர் என்று நினைத்தேன். கரை மறைந்தது. நான் தின்ற முந்திரிக்கொத்து வாந்தியாக வங்காள விரிகுடாவுக்குப் போனது. அதற்கப்புறம் ஒரு நாள் முழுக்க எனக்குப் படுக்கைதான்.

நான் தேறி எழுந்தபோது மாரியப்பன் படுக்கையில் விழுந்துவிட்டான். அந்தோணிக்குக் கடல் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அவன் இரண்டு வாரமாக சி ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்தவன், பகலெல்லாம் குறட்டை. ராத்திரிதான் எழுந்து தளத்தில் உலாத்துவான். இது போதாதென்று மறுநாள் காலை ஆறு மணிக்கு, ஷிஃப்ட் மாறுகிற நேரத்துக்குச் சரியாக, மாரியப்பன் தள்ளாடி வந்து என்னை உலுக்கினான்.

"ஏலே, எந்திரில. கட்டில விடு."

"உன் படுக்கை அந்தா சும்மா கெடக்கு பாரு" என்றேன்.

திரும்பிப் பார்த்தான். கொஞ்ச நேரம் யோசித்தான். "ஆமால்ல" என்று போய்ப் படுத்துக்கொண்டான்.

சாப்பாட்டுக் கூடத்திலும் இதே கூத்துதான். போகிறவன் படுத்திருக்கிறவனுக்கும் ஒரு தட்டு வாங்கிவந்து, இன்னொரு தட்டால் மூடிப் படுக்கைக்கு அடியில் வைத்துவிடுவான். மெஸ்ஸில் பரிமாறிய தேவராஜ் அண்ணன் ராயபுரத்துக்காரர். இரண்டாம் நாள் என்னை மடக்கிவிட்டார். "இன்னா சார், தட்டெல்லாம் தூக்கினு போய்க்கினே கீறீங்க? ஆறு தட்டு காணோம். கப்பல்ல வந்து குடித்தனம் பண்றீங்களா?" ஆறையும் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன்.

போர்ட் பிளேரில் இறங்கியது இருபத்தெட்டாம் தேதி விடியற்காலை. அங்கேயாவது சேர்ந்து சாப்பிடலாம் என்றால் விதி டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருந்தது. லீவுக்கு வந்த கூட்டமெல்லாம் திரும்பிப்போக வரிசையில் நின்றது. நாங்கள் வந்த அதே கப்பல் முப்பதாம் தேதி திரும்பியது, அதை விட்டால் மூன்றாம் தேதி வேலைக்குப் போக முடியாது, அந்தோணிக்கு ஃபிளைட்டும் போய்விடும். வேறு வழியில்லை, வரிசையிலும் ஷிஃப்ட் போட்டோம். நான் நிற்கும்போது அவர்கள் இருவரும் வெள்ளைக்காரன் காலத்து ஜெயிலைப் பார்த்தார்கள். மாரியப்பன் நிற்கும்போது நானும் அந்தோணியும் கடற்கரை பார்த்தோம். கிளம்புகிற அன்று காலையில்தான் டிக்கெட் கைக்கு வந்தது. ஓட்டமாக ஓடிப்போய் ஏறினோம். அந்தமானைப் பற்றி இதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்.

திரும்பும்போதும் முதல் இரண்டு நாள் ஆட்டம். ஒருவன் எழுந்தால் ஒருவன் படுத்தான். எனக்கு வெறுத்தே போய்விட்டது. ஜனவரி ஒன்றாம் தேதி காலையில் பார்த்தால் கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி கிடந்தது. மாரியப்பன் பல் விளக்கிக்கொண்டிருந்தான். அந்தோணி பகலில் விழித்திருந்தான். இரண்டு பேரையும் கையைப் பிடித்து மத்தியானம் மெஸ்ஸுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

சோறு, சாம்பார், முட்டைக் குழம்பு, புது வருஷத்துக்கு ஒரு கரண்டி பாயசம். மூன்று பேரும் ஒரே மேஜையில். யாருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. மூன்று வருஷமாக "சாவி எங்க", "தண்ணி வந்துதா" என்பதற்கு மேல் நின்று பேசியதில்லை அல்லவா? குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தேவராஜ் அண்ணன் குழம்பு வாளியோடு வந்து எங்கள் தட்டுகளையே பார்த்தார்.

"யாருக்கு ஒதுக்கி வெக்கிறீங்க?"

அப்போதுதான் நாங்களும் பார்த்தோம். மூன்று தட்டிலும் ஓரமாகக் கொஞ்சம் சோறு, அதன் பக்கத்தில் பாதி முட்டை. ஒருவரும் சொல்லி வைத்துச் செய்யவில்லை. கை தானாக ஒதுக்கியிருக்கிறது.

"மூணு பேரும் இங்கயேதான குந்திகினு கீறீங்க? இன்னும் யாரு வரணும்?"

அந்தோணிதான் முதலில் சிரித்தான். சிரித்துக்கொண்டே தன் பாதி முட்டையை எடுத்து மாரியப்பன் தட்டில் வைத்தான். "தின்னுலே மக்கா. ஆருக்கும் வைக்க வேண்டாம், எல்லாரும் வந்தாச்சு." மாரியப்பன் தன் பாதியை எனக்கு வைத்தான். நான் என்னுடையதை அந்தோணிக்கு வைத்தேன். கணக்குப்படி அவரவர் பங்கு அவரவருக்கே வந்துவிட்டது, ஆனாலும் அதைப் போல ருசியான முட்டையை நான் தின்றதில்லை. கண் கலங்கியது. குழம்பில் காரம் அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன். கொண்டுபோயிருந்த கேமராவின் ஃபிலிம் ரோலில் கடைசி ஒரு படம்தான் பாக்கி. கேமராவை தேவராஜ் அண்ணன் கையில் கொடுத்தேன்.

மறுநாள் இரவு கரை சேர்ந்தோம். மூன்றாம் தேதி காலை ஆறு மணிக்கு நான் கார் கம்பெனி கேட்டில் இருந்தேன். இரண்டு நாள் கழித்து, தரை இன்னும் லேசாக ஆடுவது போலவே இருக்கும்போது, அந்தோணியை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்தோம்.

நீங்கள் போவதாக இருந்தால் சில விஷயம் சொல்கிறேன். கீழே ஏ.சி. குளிர் எலும்பைத் தொடும், நல்ல போர்வை வேண்டும். வாந்திக்குக் கப்பல் டாக்டரே மாத்திரை தருவார், வீறாப்பு காட்டாமல் முதல் நாளே வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும். இறங்கியதும் ஊர் பார்க்க ஓடாமல் திரும்பும் டிக்கெட்டுக்கு நில்லுங்கள். தட்டு ஒன்று சொந்தமாகக் கொண்டுபோனால் தேவராஜ் அண்ணன் மாதிரி ஆட்களிடம் மாட்ட வேண்டாம். லீவு முடிவதற்கு ஒரு நாள் மிச்சம் வைத்துத் திட்டமிடுங்கள், வேலைக்கு வந்த நேரம் பதிக்கிற பஞ்ச் கார்டு கப்பலுக்குக் கிடையாது. முக்கியமாக, கூட வருகிறவனோடு ஒரு வேளையாவது உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

போன வாரம் ஸ்ரீபெரும்புதூர் ஸ்டுடியோவில் ரோல் கழுவி வாங்கினேன். அந்தக் கடைசிப் படத்தில் மாரியப்பன் பளிச்சென்று இருக்கிறான், நானும் இருக்கிறேன். மூன்றாவது இடத்தில் பெரிதாக ஒரு கட்டை விரல். தேவராஜ் அண்ணனுடையது. ஓனர் அக்கா படத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாடா இது, அந்தோணி எங்கடா?"

வெள்ளிக்கிழமை ஓனர் அக்கா வீட்டு போனுக்கு மஸ்கட்டிலிருந்து அந்தோணி கூப்பிட்டான். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கத்திலிருந்து பழைய சிரிப்பு வந்தது.

"விடுலே மக்கா. ஆரும் கேட்டா, அந்தோணி சி ஷிஃப்டுக்குப் போயிருக்கான்னு சொல்லு. சோறு மட்டும் மூடி வை."