வீட்டுக்காரர் கையெழுத்து

பொன்மலை ரயில்வே குடியிருப்பில் லூர்துராணியைக் கோபக்காரி என்பார்கள். கத்துகிற கோபம் அல்ல. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் குறைவாக ஊற்றினால், சரியாக அளந்து ஊற்றும்வரை நின்ற இடத்தைவிட்டு நகரமாட்டாள். பின்னால் இருபது பேர் முணுமுணுத்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டாள். அப்பா பணிமனையில் ஃபிட்டராக இருந்து காலமானார். அதே பணிமனையில் அண்ணன் அருள்நாதனுக்கு வேலை கிடைத்தது. லூர்துராணி நர்ஸ் படிப்பு முடித்து, டவுனில் ஒரு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் ஏழு வருஷம் வேலை பார்த்தாள்.

சிக்கலான பிரசவம் என்றால் டாக்டரம்மாவுக்கு ஆள் அனுப்புவார்கள். அவர் வந்து சேர்வதற்குள் லூர்துராணி குழந்தையை வெளியே எடுத்துத் துடைத்திருப்பாள். ரிஜிஸ்தரில் டாக்டரம்மா பெயர் ஏறும். 1979 ஜனவரியில், பிரசவம் பார்ப்பதில் அனுபவமுள்ள நர்ஸுகள் சவூதிக்குத் தேவை என்று பேப்பரில் விளம்பரம் வந்தபோது, அதை அவள் நாலு தரம் படித்தாள். தனக்குத் தெரிந்த வேலையை ஒரு நாடு தேடிக் கேட்கிறது என்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது.

"ஒத்தப் பொம்பளையா அவ்வளவு தூரம் எதுக்கு?" என்றான் அருள்நாதன்.

"பிரசவம் பாக்கத்தானே கூப்பிடறாங்க. அது எனக்குத் தெரியும்."

மெட்ராஸில் இன்டர்வியூ முடிந்து, மார்ச்சில் பம்பாய் வழியாகச் சவூதி போய் இறங்கினாள். அங்கே விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார்கள். ஜெபமாலையைப் பறித்துக்கொள்வார்கள் என்று யாரோ சொல்லியிருந்ததால் அதை அவள் ஊரிலேயே விட்டு வந்திருந்தாள். பெட்டியில் புடவைகள், ஊறுகாய், பிரசவம் பார்ப்பது பற்றிய பாடப்புத்தகம். ஏழு வருஷமாக ஒவ்வொரு கேஸிலும் கற்றுக்கொண்டதை ஓரங்களில் பென்சிலால் எழுதி வைத்த புத்தகம் அது. அதிகாரி அதைப் புரட்டினார். படங்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு படம் உள்ள பக்கங்களை ஒவ்வொன்றாகக் கிழிக்கத் தொடங்கினார்.

"அது பாடப்புத்தகம். உங்க ஊர்ப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கத்தான் கொண்டுவந்திருக்கேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த ஆள் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அழைத்துப் போக வந்திருந்த ஆஸ்பத்திரி ஊழியரிடம் ஏதோ சொல்லிவிட்டு, கிழித்ததைக் குப்பைக்கூடையில் போட்டு, மிச்சத்தை அவளிடம் தள்ளினார். குழந்தை எப்படிப் பிறக்கிறது என்பதே ஆபாசமா? அப்படியானால் தன்னை எதற்கு வரவழைத்தார்கள்? கன்னத்தில் அறை வாங்கியதுபோல் காது சூடாகி அவள் நின்றாள்.

வேனை ஓட்டி வந்தவன் திருச்சிக்காரன். பாலக்கரை ஜமால்.

"முத வாரம் எல்லாருக்கும் இப்படித்தான் எரியும் சிஸ்டர். அப்புறம் ஆறிடும்" என்றான்.

"ஆறவே கூடாது" என்றாள் அவள்.

வேன் போய்ச் சேர்ந்தது ஒரு சின்ன ஊர். ஆஸ்பத்திரியில் நுழைந்ததும் பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைத்தார்கள். வெளியே போகும்போது போட்டுக்கொள்ளக் கறுப்பு அங்கி ஒன்று கொடுத்தார்கள். நர்ஸுகள் விடுதியின் ஜன்னல் கண்ணாடிகளுக்கு வெள்ளை பெயிண்ட் அடித்திருந்தது. வாரத்துக்கு ஒரு தரம், வியாழக்கிழமை சாயங்காலம், காவலாளியோடு வேனில் கடைத்தெருவுக்குப் போய் ஒரு மணி நேரத்தில் திரும்ப வேண்டும். லூர்துராணி ஹேர்பின் முனையால் தன் ஜன்னலில் நாலணா அகலத்துக்குப் பெயிண்டைச் சுரண்டினாள். எதிரே மதில்தான் தெரிந்தது. ஆனாலும் சுரண்டிய இடத்தை அவள் மூடவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் நூரா என்ற பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பத்தொன்பது வயது, முதல் பிரசவம். குழந்தை குறுக்கே கிடந்தது. ஒரு கை மட்டும் வெளியே வந்திருந்தது. லூர்துராணி தொட்டுப் பார்த்தாள். கையில் உயிர் இருந்தது, விரல்கள் மடங்கின. உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டும். அப்போது மணி ஒன்பது இருபது.

டாக்டர் அவளைப்போலவே வெளிநாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர். வந்து பார்த்தார், ஒப்புக்கொண்டார், ஆபரேஷனுக்குக் கைகழுவப் போகாமல் நின்றார்.

"கணவர் கையெழுத்து வேண்டும்" என்றார்.

கணவன் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். நூறு மைலுக்கு அப்பால் எங்கேயோ இருந்தான். ஆள் அனுப்பியிருந்தார்கள். நூராவின் அம்மா வாசலில் நின்று, தான் கைநாட்டு வைப்பதாகப் பெருவிரலை நீட்டி நீட்டிக் காட்டினாள். செல்லாது என்றார்கள். நூராவையே கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. லூர்துராணி நிர்வாகியின் அறைக்குப் போனாள். பெண் தனியாக உள்ளே வரக்கூடாது என்று வாசலிலேயே நிறுத்தினார்கள். ஜமாலை இழுத்து வந்து சொல்ல வைத்தாள்.

"குழந்தை செத்துடும்னு சொல்லு. தாயும் செத்துடும்னு சொல்லு."

ஜமால் சொன்னான். உள்ளேயிருந்து ஒரே வரியில் பதில் வந்தது.

"சட்டம் அப்படின்னு சொல்றாரு சிஸ்டர்."

பதினொரு மணிக்கு அந்தச் சின்னக் கை நீலமானது. பன்னிரண்டுக்குப் பிறகு குழந்தையின் இதயத்துடிப்பு கேட்கவில்லை. லூர்துராணி நூராவின் தலைமாட்டில் நின்று, அவளுக்குப் புரியாத தமிழில் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு முப்பத்தைந்துக்குக் கணவன் வந்தான். செருப்புக்கூட இல்லாமல் ஓடி வந்தான். காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, என்ன நடந்தது என்று தெரிந்ததும் நிர்வாகியின் மேசையை ஓங்கிக் குத்தினான்.

"என்ன சொல்றான்?" என்று கேட்டாள் லூர்துராணி.

ஜமால் மொழிபெயர்த்தான். "எனக்காக எதுக்குக் காத்திருந்தீங்கன்னு கேக்கறான். நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்னு கேக்கறான்."

நூரா பிழைத்தாள். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று.

அன்று வேனில் திரும்பும்போது லூர்துராணி அந்த ஊரையும் அதன் மனுஷர்களையும் வாய்க்கு வந்தபடி ஏசினாள். ஜமால் வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

"எல்லாரையும் ஒண்ணாச் சேத்துத் திட்டாதீங்க சிஸ்டர். அந்தப் பொண்ணோட அம்மா கைநாட்டு வைக்க அழுதுக்கிட்டு நின்னாங்க. அவ புருஷன் மேசையக் குத்தினான். அவங்களும் இந்த ஊருதான்."

அதன் பிறகு அவள் ஏசவில்லை.

கேஸ் தாளில் எல்லாவற்றையும் மணியோடு எழுதியிருந்தாள். ஒன்பது இருபதுக்கு ஆபரேஷன் தேவை என்று தெரிந்தது, இரண்டு முப்பத்தைந்துக்குக் கையெழுத்து கிடைத்தது. நாலு நாள் கழித்து அந்தத் தாளை அவள் முன் வைத்து, நோயாளியை மதியம் இரண்டு மணிக்குத்தான் கொண்டுவந்தார்கள் என்று திருத்தி எழுதச் சொன்னார்கள். முடியாது என்றாள். அப்படியானால் ஊருக்குப் போகலாம் என்றார்கள். "பாஸ்போர்ட்டக் குடுங்க" என்று கையை நீட்டினாள். பத்தொன்பதாம் நாள் விமானம் ஏறினாள்.

பொன்மலையில் அவளுக்கு வேறு விதமான வரவேற்பு. "ஒரு வரி மாத்தி எழுதினா உனக்கு என்ன குறைஞ்சிருக்கும்?" என்றான் அருள்நாதன். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் அவள் காதுபடவே பேசினார்கள். பத்தொன்பது நாளில் ஒருத்தி திரும்பி வருகிறாள் என்றால் என்ன நடந்திருக்கும் என்று அவரவர் மனசுக்குத் தோன்றியதைச் சொன்னார்கள். பழைய ஆஸ்பத்திரியில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. கடைசியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு தனியார் பிரசவ ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். பொன்மலையிலிருந்து ஜங்ஷன் வந்து, அங்கிருந்து ஒன்னாம் நம்பர் பஸ் பிடித்துப் போய் வருவாள். மொட்டைக் கோபுரத்தில் சாரம் கட்டி வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது.

அங்கே பயிற்சிக்கு வரும் பெண்களுக்கெல்லாம் நூராவின் கதையைச் சொல்வாள். "அந்த ஊர்ல பொம்பள உடம்புக்கு அவ சொந்தக்காரி இல்ல" என்று முடிப்பாள். கிட்டத்தட்ட மூன்று வருஷம் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

1982 ஜனவரியில் ஒரு காலை, கொள்ளிடக் கரையிலிருந்து செல்லக்கிளி என்ற பெண்ணை மாட்டுவண்டியில் அழைத்து வந்தார்கள். வலி கண்டு ஒரு நாள் ஆகியிருந்தது. குழந்தையின் துடிப்பு இறங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு ஆபரேஷன்தான் என்றார். லூர்துராணி படிவத்தை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள்.

"வீட்டுக்காரர் யாருங்க? வந்து கையெழுத்துப் போடுங்க."

கூட வந்திருந்த மாமியார் அழகம்மாள், "அவன் மாலை போட்டு சபரிமலை போயிருக்கான்மா. நாலு நாள் ஆகும். அவனைக் கேக்காம வயித்தக் கிழிக்க நான் எப்படிச் சொல்றது?" என்றாள்.

டாக்டர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "பொண்ணோட அப்பா, அண்ணன், யாராவது ஆம்பளை இருந்தா கூட்டிட்டு வரச் சொல்லு. நாளைக்கு ஏதாச்சும் ஆனா யார் பதில் சொல்றது?"

லூர்துராணி கையிலிருந்த தாளைப் பார்த்தாள். கணவர் அல்லது தகப்பனார் கையெழுத்து. நல்ல தமிழில், அச்சில் இருந்தது. பத்து வருஷமாக அவள் கையில் புழங்குகிற தாள். எத்தனை வராந்தாக்களில் நின்று இதே கேள்வியைக் கேட்டிருக்கிறாள்! முதலில் வந்தது திகைப்பு. அதன் பின்னாலேயே தன் பேரிலேயே கோபம் வந்தது. அதற்குமுன் யார்மேலும் அவளுக்கு அப்படிக் கோபம் வந்ததில்லை.

நேரே உள்ளே போய், அச்சடித்திருந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டுத் தாளைச் செல்லக்கிளியிடம் நீட்டினாள்.

"எழுதத் தெரியுமா?"

"அஞ்சாவது படிச்சிருக்கேன்." வலியோடு அவள் முழங்கையை ஊன்றி எழுந்தாள். "நான் போடலாமாக்கா?"

"உன் வயிறு. நீதான் போடணும்."

தாளை டாக்டரின் மேசையில் வைத்தாள். டாக்டர் கோபத்தோடு பார்த்தார். "இந்தத் தாள வச்சு இப்பவே பண்ணலைன்னா, ஆபரேஷன் வேணும்னு எத்தனை மணிக்குச் சொன்னீங்க, எத்தனை மணிக்குப் பண்ணீங்கன்னு கேஸ் தாள்ல எழுதுவேன் மேடம். யார் சொன்னாலும் மாத்த மாட்டேன்" என்றாள் லூர்துராணி. டாக்டர் எழுந்து கைகழுவப் போனார். ஆண் குழந்தை பிறந்தது. கொஞ்சம் தாமதமாக அழுதது, ஆனால் அழுதது. மறுநாள் லூர்துராணிக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதன் பிறகும் ஒவ்வொரு படிவத்திலும் அந்த வரியை அவள் அடித்துத்தான் கொடுத்தாள். ஒரு கட்டத்தில் டாக்டர் சண்டை போடுவதை விட்டுவிட்டார்.

அவளால்தான் சும்மா இருக்க முடியவில்லை. 1975-இல், பழைய ஆஸ்பத்திரியில், இருளாயி என்று ஒருத்தி. திருவெறும்பூரிலிருந்து வந்தவள். புருஷன் கட்டட வேலைக்குப் போயிருந்தான். அவன் வந்து கையெழுத்துப் போடும்வரை மூன்று மணி நேரம் ஆபரேஷன் செய்யாமல் வைத்திருந்தார்கள். குழந்தை இறந்தே பிறந்தது. கடவுள் சித்தம் என்று லூர்துராணியே அவளுக்கு ஆறுதல் சொல்லியிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறித் திருவெறும்பூர் போனாள். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். இருளாயி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு பிறந்த பெண் பிள்ளை பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தது. லூர்துராணி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

இருளாயி முறத்தைக் கீழே வைத்தாள்.

"கையெழுத்துக்கா காத்திருந்தீங்க?"

"ஆமா."

"நான் முழிச்சுக்கிட்டுத்தானே படுத்திருந்தேன். எங்கிட்ட யாரும் ஒரு வார்த்த கேக்கலையே. கேட்டிருந்தா ரெண்டு கையையும் வச்சிருப்பேனே."

இருளாயி விடவில்லை.

"ஏழு வருசமா என் ராசின்னு நெனச்சேன். எம் மாமியா அப்படித்தான் சொல்லுச்சு. நீயும் வந்து சாமி பேரச் சொல்லிட்டுப் போன." இருளாயியின் குரல் ஏறியது. "இப்ப எதுக்கு வந்த? உம் மனசு ஆறவா? போம்மா, எந்திரிச்சுப் போ."

உட்காரச் சொல்லாத வீட்டில் எழுந்து போகச் சொல்கிறாள் என்பதைக்கூட லூர்துராணி கவனிக்கவில்லை. தெருவில் இறங்கினாள். பின்னால் இருளாயி இன்னும் பேசிக்கொண்டிருந்தாள், அக்கம்பக்கத்தார் வெளியே வந்து பார்க்குமளவுக்கு. லூர்துராணி தெருமுனை வரை வேகமாக நடக்கவில்லை. அத்தனையும் காதில் விழட்டும் என்று மெதுவாகவே நடந்தாள்.