எதிர்வெளிச்சத்தில் எடுத்த முகம்

வாலிநோக்கம் உப்பளத்தில் நான் எடுத்த குறும்படத்தில் ஒரே ஒரு பெண்தான். கணவரைக் கடலில் பறிகொடுத்து, உப்பு வாரி மகளைப் படிக்கவைத்தவர். நாலு நாள் எங்களுக்காகவும் வெயிலில் நின்றார்.

ஒவ்வொரு நாளும் அவரைச் சாயங்காலச் சூரியனுக்கு முன்னால் நிறுத்தி, வானத்தின் வெளிச்சத்துக்கு ஏற்றபடி கேமராவில் எக்ஸ்போஷர் வைத்தேன். வெள்ளைப் பாத்திகளுக்கு நடுவே கறுத்த உருவமாக நின்றார். ஒலிப்பதிவு செய்த நண்பன், "முகமே விழலையே" என்றான். முகம் தெரியாவிட்டால்தான் அது எல்லாருடைய துயரமும் ஆகும் என்று விளக்கம் சொன்னேன்.

அந்தப் பெண்ணும் கேட்டார். "ஏந்தம்பி, என் மூஞ்சி தெரியும்ல?"

"தெரியும்க்கா."

யோசிக்காமல் சொன்ன பொய்.

படத்தொகுப்பில் அவர் பேச்சைக் குறைத்து, காற்றின் இரைச்சலைக் கூட்டினேன். திரையிட்ட இடத்திலெல்லாம் அந்தக் காட்சியைப் பாராட்டினார்கள். அவரை அழைத்துக் காட்ட வேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை.

மறு வருடம் அவர் மகள் போன் செய்தாள். அம்மா காய்ச்சலில் இறந்துவிட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போடப் படம் இல்லை. ஆதார் அட்டையில் இருப்பதில் கண் பாதி மூடியிருக்கிறது.

"ஒங்க படத்துல அம்மா நல்லாத் தெரிவாகள்ல சார்? ஒண்ணு பிரிண்ட் போட்டுத் தாங்க."

இரண்டு நாள் எல்லாக் காட்சிகளிலும் அவர் முகத்தைத் தேடினேன். பிரகாசத்தைக் கூட்டக் கூட்ட, கறுப்பு சாம்பலாகிப் புள்ளி புள்ளியாகச் சிதறியதே தவிர, கண்ணோ மூக்கோ எழவில்லை. உப்பில் விழும் வெயில் முகத்தில் திருப்பி அடிக்கும். அவரைக் கொஞ்சம் திரும்பச் சொல்லியிருந்தால் போதும், விளக்கே வேண்டியிருக்காது.

நண்பனிடம் முழு ஒலிப்பதிவும் இருந்தது. கடைசி நாள் சாப்பாட்டு வேளையில், அவர் சேலையில் குத்திய மைக்கை அணைக்க மறந்திருக்கிறான். அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். படம் இல்லை என்பதையும், ஏன் இல்லை என்பதையும் மகளிடம் சொன்னேன். ஹெட்போனைக் கொடுத்தேன்.

தூக்குவாளியைத் திறக்கும் சத்தம். பிறகு அம்மாவின் குரல், என்னிடம்: "இங்கன நிழலுக்கு வாங்க தம்பி. எம்மக காலேஜ் விட்டு வருவா. அவளையும் என்னையும் சேத்து ஒரு படம் எடுங்க."

அவள் ஹெட்போனைக் கழற்றினாள்.

"அன்னைக்கு நா ஓடியாந்தேன் சார். நீங்க கெளம்பிட்டீங்கன்னு அம்மா சொன்னாக."

வெளிச்சம் இறங்கியதும், மகளுக்காகக் காத்திராமல் நாங்கள் கிளம்பியிருந்தோம். அந்தப் பதிவை அவள் போனில் ஏற்றிக் கொடுத்தேன். பஸ் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவள் என்னிடம் வேறெதுவும் கேட்கவில்லை.