சாமத்திய வீட்டு மெழுகுதிரியும் என் சறுக்குப் பலகையும்

நாற்பத்தாறு வயதில் நான் பனியில் சறுக்கும் ஸ்னோபோர்ட் பலகை வாங்கியதை எங்கள் சனம் ஒரு நோய் வருத்தத்தை விசாரிப்பதுபோலத்தான் விசாரித்தது. கோயிலில் கண்ட ஒரு அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டு, எத்தனை நாளாய் இப்படி இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டார். நான் வேலை செய்யும் பல் கிளினிக்கில் கூட இருப்பவள் ஒரு சனிக்கிழமை என்னை இழுத்துக்கொண்டு போய்ப் பழக்கிவிட்டாள், அவ்வளவுதான். இந்த நாட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். அத்தனை வருஷமும் பனியைக் காரிலிருந்து வழித்திருக்கிறேன், உப்புப் போட்டிருக்கிறேன், வாய் வலிக்கத் திட்டியிருக்கிறேன். அதன்மேல் சந்தோஷமாகப் போகலாம் என்று எனக்கு எவரும் சொன்னதில்லை. முதல் நாள் பத்து அடி போய் விழுந்தேன். அந்தப் பத்து அடிக்காக உடனே எழும்பித் திரும்ப மேலே ஏறினேன்.

பலகையை வெக்ஸ்போர்ட் பக்கம் பழைய சாமான் விற்ற ஒரு வீட்டு வாசலில் வைத்து நாற்பது டொலருக்கு வாங்கினேன். அதன் அடிப்பக்கம் வெளிறி, மாசி மாதத்துக் குதிக்கால் மாதிரிக் காய்ந்து கிடந்தது. மெழுகு பூசினால்தான் வழுக்கும். கடையில் பூசக் கேட்ட காசுக்கு இன்னொரு பலகையே வாங்கலாம் போலிருந்தது. வீட்டிலேயே பூசலாம், ஒரு பழைய அயன்பெட்டியும் மெழுகும் சுரண்டுவதற்கு ஒரு பிளாஸ்ரிக் தகடும் போதும் என்று வீடியோவில் ஒருவன் சொன்னான்.

எங்களிடம் பழைய அயன்பெட்டி இல்லை. புதிதாய் ஒன்று இருந்தது, அது என் மனுசனுடையது. எங்கள் வீட்டில் உடுப்பு மினுக்குவது அவர்தான். பகலெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு வந்து, வெள்ளிக்கிழமை றிச்மண்ட் ஹில் கோயிலுக்குக் கட்டும் வேட்டியை அவர் மினுக்கும்போது பக்கத்தில் நின்று கதைக்கவும் கூடாது. துடைத்து வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

மெழுகுக்குப் பஞ்சமில்லை. இங்கே பெண்பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடும் சாமத்திய வீட்டுக்குப் போனால், திரும்பும்போது கையில் ஒரு மெழுகுதிரி தந்துவிடுவார்கள். சின்னக் கண்ணாடிக் குவளை, வாசம் போட்ட மெழுகு, வெளியே பிள்ளையின் சிரித்த படம். பிள்ளையின் முகத்தை வைத்துக்கொண்டு நெருப்பு வைக்க மனம் வராது, குப்பையில் போடவும் மனம் வராது. அதனால் டோர்செட் பார்க்கில் எங்கள் மாடிக் கட்டடத்தில் எந்தத் தமிழ் வீட்டுச் சப்பாத்து அலுமாரியைத் திறந்தாலும் நாலைந்து பிள்ளைகள் சிரிப்பார்கள். எங்களிடம் பதினொன்று சேர்ந்திருந்தன. படங்களைப் பக்குவமாக உரித்து அல்பத்தில் ஒட்டிவிட்டேன், ஆகவே அந்தப் பழி என்மேல் இல்லை.

மனுசன் வேலைக்குப் போன ஒரு பகலில், மீன் பொரிக்கும் நாட்களில் செய்வதுபோல, புகை பட்டால் அலறும் கூரை மணிக்குக் குளியல் தொப்பியை மாட்டினேன். இரண்டு கதிரைகளின் மேல் பலகையைக் கவிழ்த்து, அயன்பெட்டியில் மெழுகைப் பிடித்து உருக்கிச் சொட்டவிட்டேன். ரோசாப்பூ, வனிலா, சந்தனம் எல்லாம் கலந்து, வீடு கலியாண மண்டபமாக மணந்தது. மெழுகு ஆறியதும், பூசியதில் முக்கால்வாசியைச் சுரண்டி எடுத்துவிடுங்கள் என்றான் வீடியோக்காரன். இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. பதினொரு பிள்ளைகளின் மெழுகை உருக்கி ஊற்றிவிட்டுச் சுரண்டி எறிவதா? எங்கள் வீட்டில் பற்பசைக் குழாயையே கத்தரித்து வழித்து முடிக்கிறவர்கள் நாங்கள். கார்க் கண்ணாடி சுரண்டும் தகட்டால் ஓரங்களை மட்டும் தட்டிவிட்டு, மிச்சத்தை அப்படியே விட்டேன். கூடுதலாய்ப் பூசினால் கூடுதலாய் வழுக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அயன்பெட்டியையும் நன்றாகத்தான் துடைத்தேன். ஆனால் ஆவி வருகிற ஓட்டைகளுக்குள் மெழுகு ஒளிந்திருந்தது. வெள்ளிக்கிழமை அவர் மினுக்கியபோது அது சூட்டோடு வேட்டியில் இறங்கி, கண்ணுக்குத் தெரியாமல் இருந்துவிட்டது. கோயில் பார்க்கிங்கில் குளிர் பட்டதும் வேட்டியின் முன்பக்கம் இளஞ்சிவப்பாய், அப்பளம் மாதிரி விறைத்தது. பூசை முழுக்க அவர் ஒரு கையால் இடுப்பைப் பொத்திக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்ற சின்னப் பிள்ளை வனிலா வாசத்துக்குக் கேக் வேண்டுமென்று அழத் தொடங்கியது. நான் கண்ணை இறுக்க மூடிக் கும்பிட்டேன், சிரிப்பு வந்தால் தப்ப வேறு வழியில்லை.

வீட்டுக்கு வந்து நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதும் அவர் சத்தம் போடவில்லை. வேட்டியை மேசையில் விரித்துவிட்டு, எலும்பு முறிந்தால் யார் பார்ப்பது, கிளினிக்கில் எத்தனை நாள் லீவு தருவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"வாற ஞாயிறு நானும் வாறன். மேலையிருந்து கீழை ஒருக்கா விழாமல் வந்து காட்டும். விழுந்தீரெண்டால் உந்தப் பலகையை வித்துப்போட வேணும்."

ஓம் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். உண்மையில் அதுவரை பாதி மலையைக்கூட விழாமல் தாண்டியதில்லை. பலகை போய்விட்டால் மறுபடியும் உப்பும் வழிப்பும்தான், அதை நினைக்க அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நகரத்துக்குள்ளேயே இருக்கும் அந்தச் சின்னச் சறுக்கு மலையின் அடியில் அவர் கோப்பியோடு நின்றார். நான் மேலே போய்ப் பலகையைத் திருப்பினேன். அது அசையவில்லை. இடுப்பை ஆட்டினேன், ஒரு முழம் போய் நின்றது. மெழுகு அவ்வளவு தடிப்பு, பனியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. நாலு வயதுப் பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு காலைக் கழற்றி உந்தினேன், நின்றேன், திரும்ப உந்தினேன். மாட்டு வண்டியிலிருந்து யார் விழுந்திருக்கிறார்கள்? அரை மணித்தியாலத்தில், ஒருமுறைகூட விழாமல், அவர் முன்னால் வந்து சேர்ந்தேன்.

அவர் கோப்பியைக் குடித்து முடித்திருந்தார். விழவில்லை என்பது சரிதான், வென்றது வென்றதுதான், வீட்டுக்குப் போவோம் என்றார். நான் சிரித்துக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் மனம் கேட்கவில்லை. நான் ஆசைப்பட்டது பலகைக்கு அல்ல, அந்தப் பத்து அடிக்கு. அது இன்றைக்குக் கிடைக்கவேயில்லை. காரிலிருந்து தகட்டை எடுத்து வந்து, அங்கே ஆட்கள் குந்தும் வாங்கில் பலகையைக் கவிழ்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு அத்தனை மெழுகையும் சுரண்டினேன். வாசமான சுருள்கள் பனியில் விழுந்தன. எங்கே போகிறீர் என்று அவர் கேட்டதற்கு, இன்னும் சறுக்கவில்லை என்று மட்டும் சொன்னேன்.

இந்த முறை பலகை என்னைக் கேட்காமலே புறப்பட்டது. காதுக்குள் காற்று இரைந்தது. பாதி மலை தாண்டியது, முக்கால் தாண்டியது, நான் வாய்விட்டுக் கத்திக்கொண்டு போனேன். நிறுத்துவதற்குத்தான் எனக்கு இன்னும் தெரியாது. அவருக்கு இரண்டடி முன்னால் குப்புற விழுந்து, ஒரு வாளிப் பனியை அவர்மேல் அள்ளிக் கொட்டினேன்.

வென்ற பலகை இப்போது விழுந்ததோடு போச்சு என்று நினைத்துக்கொண்டே நான் நிமிர்ந்து பார்த்தேன். அவருடைய கண்ணாடியெல்லாம் பனி, மீசையெல்லாம் பனி. என்னைக் கைகொடுத்துத் தூக்கி, முதுகைத் தட்டிவிட்டார்.

"நீர் விழுந்ததை நான் பாக்கேல்லை," என்றார். "அந்தப் பக்கம் பாத்துக்கொண்டு நிண்டனான்."